ஆக்ஸல் குதிக்கிற பிள்ளையை ஒரு த்ரீ டர்னுக்காக நிறுத்தி வைப்பது நியாயமா?

ரிங்க் அப்பா:
என் மகளுக்கு வயது 11. ஃபிகர் ஸ்கேட்டிங் கற்கிறாள். ஆறு மாதமாக ஆக்ஸல் (முன்னோக்கிக் கிளம்பி ஒன்றரைச் சுற்று சுற்றி இறங்கும் ஜம்ப்) குதிக்கிறாள், பத்துக்கு ஏழெட்டு விழாமல் நிற்கிறாள். போன வாரம் லெவல் டெஸ்ட். ஜம்ப், ஸ்பின் எல்லாம் தேறிவிட்டாள். ஒற்றைக் காலில் சறுக்கிக்கொண்டே முன்னிருந்து பின்னாகத் திரும்பும் த்ரீ டர்ன் இருக்கிறதே, இடது காலில் அதில் மட்டும் ‘மறுபடி முயற்சி’ என்று எழுதிவிட்டார்கள். அது தேறாமல் அடுத்த குழுவுக்கு அனுப்ப மாட்டார்களாம். காற்றில் இரண்டு சுற்று சுற்றும் டபுள் ஜம்ப் பழக்குவது அந்தக் குழுவில்தான். காரணம் என்று தாளில் இருப்பது இரண்டே சொல்: ‘எட்ஜ், கட்டுப்பாடு’. எட்ஜ் என்றால் பிளேடின் ஓரம். வீடு வந்து சேரும்வரை பிள்ளை வாயே திறக்கவில்லை. பிளேடைக்கூடத் துடைக்காமல் பையில் போட்டுவிட்டாள்.

படிப்படியாக வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, ஓடத் தெரிந்த பிள்ளையை நடையில் குற்றம் கண்டு உட்கார வைக்கலாமா? போட்டியில் இறக்கிவிடுங்கள். முந்துகிறவர்கள் மேலே போகட்டும். இதுதான் என் கட்சி.

பழைய கோச்:
தம்பி, மகளின் வருத்தம் புரிகிறது. ஆனால் த்ரீ டர்னை நடை என்றும் ஆக்ஸலை ஓட்டம் என்றும் பிரித்தீர்களே, பிசகு அங்கேதான். இடப்பக்கம் சுழலும் பிள்ளைக்கு ஆக்ஸல் கிளம்புவது இடது காலின் ஃபார்வர்ட் அவுட்சைட் எட்ஜில், அதாவது முன்னோக்கிப் போகும்போது பிளேடின் வெளி ஓரத்தில். இந்த த்ரீ டர்ன் தொடங்குவதும் அதே காலில், அதே எட்ஜில். திரும்பி முடிக்கும்போது கால் பேக் இன்சைட் எட்ஜுக்கு, அதாவது பின்னோக்கிப் போகும் உள் ஓரத்துக்கு, வந்திருக்கும். சால்கோ என்ற ஜம்ப் கிளம்புவது அங்கிருந்துதான். ஃபிளிப் ஜம்புக்கும் அதே எட்ஜ், வலது கால் முனையைக் குத்துவது மட்டும் கூடுதல். அவள் பழகப்போகும் டபுள் சால்கோவுக்கு வாசற்படியே இந்த டர்ன்தான்.

ஒன்று செய்யுங்கள். ஐஸை மெஷின் வழித்துவிட்டுப் போனதும் அவளை ஒரு த்ரீ டர்ன் போடச் சொல்லி, குனிந்து தடத்தைப் பாருங்கள். பிளேடின் அடியில் நடுவே குழிவு, இரு ஓரமும் கூர். சாய்ந்து எட்ஜில் போனால் ஒரே கோடு விழும். நிமிர்ந்து தட்டையாகப் போனால் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடு. திரும்பும் முனைக்கு ஒரு சாண் முன்னாலேயே இரட்டைக் கோடு தெரிந்தால், அவள் சாய்வை விட்டுவிட்டுத் தோளை வீசித் திரும்புகிறாள் என்று பொருள். சிங்கிளில் அந்த வீச்சு கைகொடுப்பது போலத்தான் இருக்கும். டபுளுக்குப் போனால் காற்றில் உடம்பு கோணிவிடும்.

சபரி:
ஐயா, தடத்தைப் பார்த்து மார்க் போட்ட காலம் ஒன்று இருந்ததே, அது என்ன ஆயிற்று? 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் டிரிக்ஸி ஷூபா, ஐஸில் வடிவம் வரையும் கட்டாய ஃபிகர்ஸ் பகுதியில் பெரிய முன்னிலை எடுத்தார். இசைக்கு ஆடிக் குதிக்கும் ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் ஏழாவதாக வந்தும் தங்கம் அவருக்கே. ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் முதலில் வந்த அமெரிக்காவின் ஜேனட் லின்னுக்கு வெண்கலம்தான். மறு ஆண்டே ஷார்ட் புரோகிராம் என்ற குறுகிய ஆட்டப் பகுதியைக் கொண்டுவந்து ஃபிகர்ஸின் பங்கைக் குறைத்தார்கள். 1990-க்குப் பிறகு உலகப் போட்டியில் அது இல்லவே இல்லை.

பிள்ளைகளுக்கு ஆசை குதிப்பதில். ஒரு டர்னுக்காக அதை மாதக்கணக்கில் பூட்டி வைத்தால், பிறகு கதவைத் திறந்தாலும் பிள்ளை உள்ளே இருக்க மாட்டாள். எத்தனையோ பேர் இந்த வயதில்தான் ஸ்கேட்டைக் கழற்றுகிறார்கள்.

கவிதா:
சபரி, நான் பூட்டி வைக்கப்படாத பிள்ளை. 8 வயதிலிருந்து எங்கள் கிளப்பில் டெஸ்டை யாரும் பொருட்படுத்தவில்லை, போட்டியில் எத்தனையாவது இடம் என்பதுதான் பேச்சு. லுட்ஸ் ஜம்ப் பேக் அவுட்சைட் எட்ஜில் கிளம்ப வேண்டும், வந்த வளைவுக்கு எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். நான் கடைசி நொடியில் கணுக்காலை உள்ளே சாய்த்து இன்சைடுக்கு மாறிவிடுவேன். அப்படிக் கிளம்பினால் அது லுட்ஸ் இல்லை, ஃபிளிப். விழாமல் நின்றேன், முதலிடம் வந்தேன், ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.

14 வயதில் பெரிய போட்டிக்குப் போனேன். டெக்னிக்கல் பேனல் ஸ்லோ மோஷனில் பார்த்து, தவறான எட்ஜ் என்று ‘ஈ’ குறி போட்டது. மூன்று வருடம் மாற்றப் பார்த்தேன். நடக்கும்போதுகூட அந்தக் கணுக்காலைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். கால் பழகிய வழியை விடவேயில்லை. எனக்கு 9 வயதில் யாராவது ‘மறுபடி முயற்சி’ என்று எழுதியிருந்தால் அன்று ராத்திரி அழுதிருப்பேன். அவ்வளவோடு போயிருக்கும்.

ரிங்க் அப்பா:
கவிதா, படித்ததும் என்னவோ போலாகிவிட்டது. எட்ஜ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ‘எட்ஜ், கட்டுப்பாடு’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு 11 வயதுப் பிள்ளை எதைத் திருத்துவாள்? கோச் ஐயா சொன்ன அந்த ஒரு சாண் விஷயத்தை டெஸ்ட் அன்று யாரும் சொல்லவில்லையே. போட்டியில் தோற்றால் யாரிடம் தோற்றோம் என்றாவது தெரியும்.

நடுவர் மேசை:
இந்த இடத்தில் நான் அப்பா பக்கம். தேர்வு மதிப்பீடு செய்யப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். முழு மதிப்பெண் 6.0 என்றிருந்த பழைய முறையில் 5.4 வந்தால் மீதி எங்கே போனது என்று ஸ்கேட்டருக்குத் தெரியாது. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவு நடுவர்களின் மதிப்பெண் பற்றி வெடித்த சர்ச்சைக்குப் பிறகு, சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2004-ல் அதைக் கைவிட்டது. இப்போது ஒவ்வொரு ஜம்புக்கும் அடிப்படை மதிப்பு உண்டு. சிங்கிள் ஆக்ஸலுக்கு 1.1, டபுளுக்கு 3.3. அதன்மேல் செய்த தரத்துக்கு −5 முதல் +5 வரை. சுழற்சி கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் அடிப்படை மதிப்பிலேயே வெட்டு. போட்டி முடிந்ததும் வரி வரியாகத் தாள் கையில் வரும். உலகப் போட்டிக்காரருக்கு இவ்வளவு பிரித்துக் காட்டிவிட்டு, கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு இரண்டு சொல்லோடு முடிப்பது பெரிய அநியாயம். அவளுக்குத்தான் அது அதிகம் வேண்டும்.

ஆனால் போட்டியில் முந்துகிறவர் மேலே போகட்டும் என்பதை ஒப்ப மாட்டேன். எதிரே வந்தவர்கள் அன்று விழுந்தார்களா நின்றார்களா என்பதைப் பொறுத்து உங்கள் மகளின் எட்ஜ் மாறாது. கனடாவின் தொடக்கத் திட்டமான கான்ஸ்கேட்டைப் பாருங்கள். சமநிலை, கட்டுப்பாடு, சுறுசுறுப்பு என்று மூன்று பிரிவு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரிப்பன். ஒன்றில் பின்தங்கிய பிள்ளை மற்றதில் மேலே போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு பூட்டுக்காக எல்லாக் கதவையும் சாத்துவதில்லை.

பழைய கோச்:
அது ஆரம்பப் பிள்ளைகளுக்குச் சரி. டபுள் பழகும் கட்டத்தில் விழுகிற விதமே வேறு. இடுப்பிலும் கணுக்காலிலும் இறங்கும் அடியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கோணலாகக் கிளம்பினால் கோணலாகத்தான் இறங்கும்.

சபரி:
ஆனால் வயது காத்திருக்காதே ஐயா. 12, 13-ல் உயரம் கூடினால் நேற்று வந்த ஜம்ப் இன்று வராது.

பழைய கோச்:
வராதுதான். வளர்ந்த உடம்போடு மறுபடி கற்றுக்கொள்ள எட்ஜ்தான் மிஞ்சும், தோள் வீச்சு மிஞ்சாது. சின்ன உடம்பை வைத்து அவசரமாக ஜெயித்துவிடும் பழக்கத்தைப் பற்றிய கவலையில்தான் 2022-ல் சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து படிப்படியாக 17 ஆக்க முடிவெடுத்தார்கள். இவளுக்கு 11தான் தம்பி. நேரம் இருக்கிறது.

சபரி:
ஒலிம்பிக்குக்குப் போகிறவர்களுக்கான விதி அது. இந்தப் பிள்ளை இந்த மாதம் என்ன செய்வாள் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ரிங்க் அப்பா:
இன்று காலை தடம் பார்த்தோம். வலது கால் இன்சைட் த்ரீ டர்னில் ஒரே கோடு, முனையும் கூராக விழுந்தது. இடது கால் அவுட்சைடில் திரும்புவதற்கு முன்னாலேயே இரண்டு கோடு. நான் சொல்வதற்குள் அவளே மண்டி போட்டு, “இங்கேருந்துப்பா” என்று கையுறையைக் கழற்றி விரல் வைத்துக் காட்டினாள். பிறகு நான் கேட்காமலே அதே டர்னை இருபது தடவை போட்டாள். கோச் ஐயா சொன்னது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சபரியின் கேள்வி என் கேள்வியும்தான்.

பழைய கோச்:
வலது கால் இன்சைட் சுத்தம் என்றால் எனக்கும் ஒன்று தோன்றுகிறது. அந்த டர்ன் முடிவது வலது கால் பேக் அவுட்சைடில். டோ லூப் ஜம்ப் கிளம்புவது அங்கிருந்துதான், இடது முனையைக் குத்தி. இடது கால் டர்னை அது தொடுவதே இல்லை. டபுள் டோ லூப்பை இப்போதே தொடங்கலாம். டபுள் சால்கோ மட்டும் இடது கால் தேறும்வரை நிற்கட்டும். முழுக் குழுவையும் அடைத்தது தேவையில்லாதது, அதில் நடுவர் மேசை சொன்னதை ஏற்கிறேன்.

ரிங்க் அப்பா:
திங்கட்கிழமை வகுப்புக்கு முன்னால் கோச்சிடம் இதை அப்படியே கேட்கிறேன். தடத்தை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அதையும் காட்டுவேன்.