கத்தியில் ‘குவாடல்கனால் 1942’ என்று பொறித்திருக்கிறது, நம்பலாமா?

கேள்வி (ஓஹாயோக்காரன்):
இங்கே ஒரு வீட்டில் பழைய சாமான் விற்பனை. அமெரிக்க மரீன் படைக் கத்தி ஒன்று கிடைத்தது. 7 அங்குல அலகு, தோல் வளையம் அடுக்கிய கைப்பிடி. கைப்பிடிக்கு மேலுள்ள இரும்புக் காப்பில் ஒரு பக்கம் யு.எஸ்.எம்.சி. என்று மரீன் படையின் சுருக்கப் பெயர், மறுபக்கம் கா-பார் என்று தயாரிப்பாளரின் முத்திரை. அலகில் ஒருவர் பெயரும் ‘குவாடல்கனால் 1942’ என்றும் பொறித்திருக்கிறது; இரண்டாம் உலகப் போரில் மரீன்கள் ஜப்பானியரோடு சண்டையிட்ட பசிபிக் தீவு அது. அந்தப் பெயருக்காகவே விற்பவர் 400 டாலர் கேட்கிறார். இரண்டு நாள் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

பழைய இரும்பு:
ஆண்டே இடிக்கிறதே. இந்த வகைக் கத்தியை மரீன் படை ஏற்றதே 1942 நவம்பரில்; வீரர்கள் கைக்கு வந்தது 1943-ல். குவாடல்கனால் சண்டை 1943 பிப்ரவரியில் முடிந்துவிட்டது. போதாததற்கு, முதலில் வந்த கத்திகளில் முத்திரை அலகின் அடியில் இருக்கும். காப்புக்கு மாறியது பிறகுதான்.

சரி, ஊர் திரும்பியவர் நினைவுக்காகப் பின்னாளில் பொறித்திருக்கலாம், அது மோசடி இல்லை. அதனால் லென்ஸை எடுங்கள். எழுத்தின் பள்ளமும் சுற்றியுள்ள இரும்பைப் போலவே மங்கியிருக்க வேண்டும். பளபளத்தால் புதுசு. சாணைக் கீறல் எழுத்தின் மேல் ஓடுகிறதா, எழுத்து கீறலை வெட்டிக்கொண்டு போகிறதா என்றும் பாருங்கள்; வெட்டினால், சாணை பிடித்த பிறகு வந்த எழுத்து.

நான் ஏமாந்தது கைப்பிடியில். தோலில் செதுக்கிய பெயர்; வெளியெல்லாம் வியர்வைக் கறுப்பு, வெட்டுக்குள் மட்டும் பிஸ்கட் நிறம். காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்!

கோப்புப்புழு:
மரீன் படையின் அந்தக் கால ஆள்பட்டியல்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன, தேடுங்கள். ‘கோப்பு தீயில் போய்விட்டது’ என்று விற்பவர் சொன்னால் விடாதீர்கள். 1973-ல் செயின்ட் லூயிஸ் படை ஆவணக் காப்பகத்தில் எரிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள்தான். ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. பொறித்தவனும் அதே பட்டியலைப் பார்த்திருக்கலாம்.

ஓஹாயோக்காரன்:
பார்த்தேன். ‘1942’ சாணைக் கீறல்களை வெட்டிக்கொண்டுதான் போகிறது, பள்ளத்தில் வெள்ளை மினுக்கு. அப்புறம் தோலுறையைத் திருப்பினால், பின்பக்கம் மங்கிய மையில் வேறொரு பெயர். இடுப்புப் பட்டை உரசி பாதி எழுத்து போயிருக்கிறது. விற்பவர் அதைக் கவனிக்கவே இல்லை போல. வெறும் கத்தியின் விலைக்குக் கேட்கப்போகிறேன். இப்போது பட்டியலில் தேடுவது உறைக்காரரை.