பழைய எக்ஸ்எல்எஸ் கோப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றுதல்: மேக்ரோக்களும் இணைப்புகளும் என்னவாகும்?

கேள்வி:
வணக்கம். எக்செல் 2003-இல் உருவாக்கப்பட்டு இன்றுவரை பயன்பாட்டில் உள்ள ஏறத்தாழ நூற்றைம்பது கோப்புகளைப் புதிய எக்செலுக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. சில கோப்புகள் ஒன்றிலிருந்து மற்றொன்று மதிப்புகளை எடுத்துக்கொள்கின்றன; நான்கைந்தில், ஓய்வுபெற்றுவிட்ட ஒருவர் எழுதிய மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) இருக்கின்றன. சோதனையாக ஒன்றை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் சேமித்தபோது எச்சரிக்கை ஒன்று வந்தது. அதைச் சரியாகப் படிக்காமல் 'ஆம்' என்று அழுத்திவிட்டேன்; இப்போது பொத்தான்கள் இருக்கின்றன, ஆனால் வேலை செய்யவில்லை. மூலக் கோப்பு பத்திரமாக உள்ளது. மற்றவற்றில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில் 1:
மேக்ரோக்கள் நீக்கப்படும் என்பதைத்தான் அந்த எச்சரிக்கை சொல்லியிருக்கும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் மேக்ரோக்களுக்கு இடமில்லை. அவை உள்ள கோப்புகளை எக்ஸ்எல்எஸ்எம் ஆகச் சேமியுங்கள். தகவல் பக்கத்தில் உள்ள 'மாற்று' என்னும் கட்டளை பழைய கோப்பின் இடத்தில் புதியதை வைத்துவிடும் என்பதால், எப்போதும் நகலில் வேலை செய்யுங்கள்.

பதில் 2:
மேக்ரோவைக் காப்பாற்றிவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். எக்செல் 2007 முதல் ஒரு தாளின் வரிசைகள் 65,536-இலிருந்து 10,48,576 ஆகவும், நெடுவரிசைகள் 256-இலிருந்து 16,384 ஆகவும் உயர்ந்தன. கடைசி வரிசையைக் கண்டறிய 65536 என்ற எண்ணை நேரடியாக எழுதிய மேக்ரோ, தரவு அந்த அளவைத் தாண்டும் நாளில் எந்தப் பிழைச்செய்தியும் இன்றித் தவறான இடத்தில் நின்றுவிடும்.

இதைவிட நுட்பமான சிக்கல் பெயர்களில் உள்ளது. 'டாக்ஸ்10' (TAX10) போல மூன்று ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் கொண்டு ஒரு பகுதிக்குப் பெயரிட்டிருந்தால், பழைய தாளில் அது வெறும் பெயர். புதிய தாளிலோ நெடுவரிசைகளின் பெயர்கள் மூன்றெழுத்து வரை நீள்வதால், அந்த முகவரியில் உண்மையாகவே ஒரு கலம் இருக்கிறது. மாற்றும்போது எக்செல் பெயரின் முன் ஓர் அடிக்கோட்டைச் சேர்த்துச் சூத்திரங்களையும் திருத்திவிடும், ஆனால் மேக்ரோவுக்குள் எழுதப்பட்ட பெயரைத் தொடாது. அந்த மேக்ரோ எங்கோ தொலைவில் உள்ள வெற்றுக் கலத்தைப் படித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தேடியதில் அப்படிப்பட்ட பெயர்கள் இரண்டு அகப்பட்டன. ஒன்றோடொன்று இணைந்த கோப்புகளுக்கு என்ன செய்வது?

பதில் 2:
மாற்றிய கோப்பின் சூத்திரங்கள் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பையே தொடர்ந்து பார்க்கும். அது அதே கோப்புறையில் இருக்கும் வரை குறை வெளியே தெரியாது. ஆகவே இணைப்புகளைத் திருத்தும் வசதியில் மூலத்தை மாற்றியபின், பழையவற்றை வேறிடத்துக்கு நகர்த்துங்கள். தவறவிட்ட இணைப்பு ஏதேனும் இருந்தால், புதுப்பிக்கும்போது எக்செல் அதைக் காட்டிக்கொடுக்கும்.

பதில் 3:
ஒரு சிறு சேர்க்கை. மேக் கணினியில் உருவான பழைய கோப்புகள் 1904 தேதி முறையில் (தேதிகளை 1900-க்குப் பதில் 1904-இலிருந்து எண்ணும் முறை) இருக்கக்கூடும். கோப்பை அப்படியே மாற்றினால் பாதிப்பில்லை; அதன் தேதிகளை நகலெடுத்து 1900 முறையில் உள்ள கோப்பில் ஒட்டினால் 1,462 நாள் முந்தைய தேதிகளாக மாறிவிடும்.