ஊழா, விதியா? ஒரு பழைய ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வேண்டும்

‘பேவுல்ஃப்’ என்னும் பழைய ஆங்கிலக் காவியத்தில் சில பகுதிகளைத் தமிழாக்கி வருகிறேன். 455ஆம் வரியில் இரண்டு வாரமாக நிற்கிறேன். கிரெண்டல் என்னும் அரக்கனோடு மோதப் போகும் நாயகன் பேவுல்ஃப், ‘நான் மாண்டால் என் மார்புக் கவசத்தை (தன் அரசன்) ஹிகெலாக்குக்கு அனுப்பிவிடுங்கள்’ என்கிறான். அடுத்த அரை மூச்சில், ‘வியுர்ட் எப்போதும் தன் போக்கில்தான் போகும்’ என்று முடிக்கிறான். அந்த ‘வியுர்ட்’தான் சிக்கல்.

பாஸ்வர்த்–டாலர் பழைய ஆங்கில அகராதியில் இச்சொல்லுக்கு நிகழ்வு, விதி இரண்டும் இருக்கின்றன. வேர், ‘ஆகுதல்’ என்னும் வினை. ஜெர்மனின் ‘வெர்டன்’ அதற்கு உறவு. இன்னும் பின்னால் போனால் ‘திரும்புதல்’. இன்று விசித்திரம் என்ற பொருளில் புழங்கும் ‘வியர்ட்’ இதன் வாரிசுதான். ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகச் சூனியக்காரிகள் வழியாகத்தான் அந்தப் பொருள் ஒட்டிக்கொண்டது.

முதலில் ‘விதி’ என்று போட்டேன். யாரோ விதித்தது என்ற வாடை வந்துவிட்டது. ரோமானியத் தத்துவஞானி போயிதியஸின் நூலுக்கு, ஆல்ஃபிரட் அரசர் பெயரில் வழங்கும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் வியுர்ட் கடவுளின் செயல்தான். அங்கே ‘விதி’ பொருந்தும், இங்கே இல்லை. அப்புறம் ‘ஊழ்’. முறை, முதிர்தல் என்ற பொருள்களும் அதற்கு உண்டு என்பதால் ‘ஆகுதலு’க்கு அருகில் வருகிறது. ஆனால் வாசகர் உடனே முன்வினைக்குப் போய்விடுவார். பேவுல்ஃபுக்கு அந்தக் கணக்கே கிடையாது. ‘நடப்பு’ என்று போட்டுப் பார்த்தேன், செய்தித்தாள் வாசித்த மாதிரி இருந்தது.

முன்வினை வாடை இல்லாமல், ‘ஆக வேண்டியது ஆகும்’ என்ற பொருளை ஒரே சொல்லில் தரும் தமிழ்ப் பெயர்ச்சொல் எது?