புதுப்பிப்பு: மங்கலான இரண்டாவது கோடு

கருமுட்டை வெளியாகும் நாளைக் காட்டும் கிட்டில் இரண்டாவது கோடு மங்கலாகவே வருகிறதே, அதைக் கணக்கில் எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அக்காக்கள் எல்லோருக்கும் நன்றி.

சத்துவாச்சாரியில் நான் பார்க்கும் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். முட்டையை வெளியேறத் தூண்டும் எல்எச் ஹார்மோனைத்தான் அந்தக் கிட் பார்க்கிறது; அது உடம்பில் எப்போதுமே கொஞ்சம் இருக்கும். அதனால் அந்தக் கிட்டில் மங்கல் கோட்டுக்கு மதிப்பில்லை. கன்ட்ரோல் கோட்டுக்கு (கிட் வேலை செய்கிறது என்று காட்டும் முதல் கோடு) சமமாகவோ அதைவிட அடர்த்தியாகவோ வந்தால்தான் கணக்கு. அதற்கப்புறம் பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால் எல்எச் தூக்கலாகவே இருக்கலாம், கிட்டை மட்டும் நம்ப முடியாது. கர்ப்பக் கிட் நேரெதிர். கவரில் சொன்ன நேரத்துக்குள் வந்தால் மங்கல் கோடும் பாசிட்டிவ்தான். வெகுநேரம் கழித்து, காய்ந்தபின் தெரியும் சாம்பல் நிறக் கோட்டை விட்டுவிடுங்கள்.

நம்ம வேலூர்க்காரர்களுக்கு இன்னொன்று. 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று கவரிலேயே போட்டிருக்கும். கத்திரியில் இங்கே 40 தாண்டுகிறது. வாங்கிய கிட்டை வண்டி டிக்கியில் போட்டு மறந்துவிடாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை நாள் தள்ளிப்போனது. காலை முதல் சிறுநீரில் கர்ப்பக் கிட்டில் பார்த்தேன். ‘டி’ என்ற எழுத்துக்கு நேராக வெளிர் ரோஜா நிறத்தில், மெலிசாக ஒரு கோடு! ரத்தப் பரிசோதனையிலும் உறுதியாகிவிட்டது. 2 நாள் விட்டு மறுபடி எடுத்ததில் கர்ப்ப ஹார்மோனான ஹெச்சிஜி நன்றாக ஏறியிருக்கிறது. அம்மாவுக்கும் அத்தைக்கும் மட்டும் சொல்லியிருக்கிறோம். அடுத்து ஸ்கேன், அப்புறம் நர்ஸம்மாவிடம் பதிவு செய்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்க வேண்டும்.