கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா?

கேள்வி:
வணக்கம். சில வாரங்களாக என் பெட்ரோல் காரில் இழுவை குறைந்துவிட்டது. மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தாலும் திணறுகிறது. புகைக்குழாயில் நச்சுப் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டது என்றும், புதியது விலை அதிகம் என்பதால் அதை வெட்டியெடுத்து வெறும் குழாயை வெல்டு செய்துவிட்டால் இழுவையும் மைலேஜும் கூடும் என்றும் மெக்கானிக் சொல்கிறார். சட்டச் சிக்கல் வருமா? இன்ஜினுக்குக் கெடுதல் உண்டா?

மறுமொழி 1:
தயவுசெய்து கழற்றாதீர்கள். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து பரவலாக வந்த இந்தக் கருவியை அகற்றுவதை அங்குள்ள தூய காற்றுச் சட்டம் தடை செய்கிறது. அகற்றித் தரும் பட்டறையும் அதற்குப் பொறுப்பாகும். பிரிட்டனில், தொழிற்சாலையில் பொருத்தி வந்த கன்வெர்ட்டர் காணாமற்போயிருந்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே வண்டி ஆண்டுச் சோதனையில் தோற்றுவிடும். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், இழப்பீடு கேட்கும் நாளில் தகராறாகவும் முளைக்கலாம்.

மறுமொழி 2:
இழுவை கூடும் என்பது பாதி உண்மைதான். அடைப்பை நீக்கினால் இழுவை திரும்பும். ஆனால் நல்ல கன்வெர்ட்டரைப் போட்டாலும் அதே இழுவை கிடைக்கும், ஏனெனில் அதன் தேன்கூட்டுத் துளைகள் புகைக்குக் கொடுக்கும் தடை மிகக் குறைவு. அந்தத் தேன்கூட்டில் பூசியிருக்கும் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகியவைதான் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் மாற்றுகின்றன. அதை எடுத்துவிட்டால், கன்வெர்ட்டருக்கு முன்னாலுள்ள ஆக்சிஜன் சென்சார் காட்டும் ஏற்ற இறக்கமே அதற்குப் பின்னாலுள்ள சென்சாரிலும் தெரியும். அதைக் கண்டு காரின் கணினி, கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பதைக் குறிக்கும் பி0420 என்ற குறியீட்டைப் பதிந்து செக் இன்ஜின் விளக்கை எரியவிடும். என்னைக் கேட்டால் பெரிய ஆபத்து இதுதான்: எப்போதும் எரியும் விளக்கை யாரும் பார்ப்பதில்லை, நாளை உண்மையான கோளாறு வந்தாலும் தெரியாது. வெல்டில் கசிவு இருந்தால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகவும் வாய்ப்புண்டு.

மறுமொழி 3:
அடைத்தது ஏன் என்பதை முதலில் பாருங்கள். என் வண்டியில் பழையதைக் கழற்றிக் குலுக்கியபோது உள்ளே பீங்கான் துண்டுகள் கடகடத்தன. எட்டிப் பார்த்தால் தேன்கூட்டின் நடுப்பகுதி உருகி, கண்ணாடிபோல் மூடியிருந்தது. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் ஒரு இக்னிஷன் காயில் பழுதாகி, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்ததன் விளைவு அது. காயிலைக் கவனிக்காமல் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றியதால் புதியதும் சில மாதங்களில் வீணானது. ஆகவே பிளக், காயில், ஆயில் குறைகிறதா என்பவற்றைப் பார்த்துவிட்டு, முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் கேஜ் பொருத்திப் புகைக்குழாயின் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். கன்வெர்ட்டர்தான் அடைத்திருக்கிறதா என்பதே அப்போதுதான் உறுதியாகும்.