சில்வர் ஓக் மேசைக்கு ஸ்டெயின் அடிக்கலாமா?

வணக்கம். ஏற்காட்டில் காபித் தோட்டத்து நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் ஒன்றை அறுத்து, ஒரு வருடம் காயப்போட்டு, இப்போதுதான் மேசை செய்து முடித்தேன். பூச்சு மட்டும் பாக்கி. அதில்தான் வீட்டில் சண்டை.

வெளிறிய மரம், தேக்கு நிறத்துக்கு ஸ்டெயின் அடித்துவிடுங்கள் என்கிறார் மாமனார். செவ்வாய்ப்பேட்டையில் எனக்குப் பழக்கமான ஆசாரியோ, "மரத்துக்கு எதுக்குங்க வேஷம், பாலிஷ் மட்டும் போடுங்க" என்கிறார். எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு. ஆனால் மரம் மாமனார் கொடுத்தது!

துண்டுப் பலகை ஒன்றை 180 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, ஆயில் ஸ்டெயினைத் துணியால் பூசிப் பார்த்தேன். மீன் செதில் மாதிரி மின்னும் வரிகள் வெளிறியே நிற்க, சுற்றிலும் கறுத்துவிட்டது. வெட்டுமுனை இன்னும் மோசம், டிகாக்ஷனில் முக்கி எடுத்தது போல.

அரக்கை ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து முதலில் ஒரு கை பூசினால் திட்டு குறையும் என்று தெரியும். சில்வர் ஓக்கில் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? இல்லை, ஈரத்தில் மரத்தின் நார் எழும்பிச் சொரசொரப்பானாலும் பரவாயில்லை என்று வாட்டர் ஸ்டெயினுக்குப் போகலாமா? இங்கே பனிமூட்டம் வேறு, எதுவும் சீக்கிரம் காய்வதில்லை. செய்த துண்டின் படம் இருந்தால் போடுங்கள், மாமனாரிடம் காட்ட வேண்டும்.