வெள்ளியங்கிரி ஏற என்ன சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம்?

நொய்யல்கரை:
வணக்கம். எனக்கு வயது 44, கோவையில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஆறு மாதமாகக் கடைச் சாப்பாட்டை விட்டாச்சு. காலையில் கம்மங்கூழ், மதியம் கீரையும் சோறும், ஞாயிறு தவறாமல் மருதமலைப் படி. மார்ச்சில் மச்சானும் நானும் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறலாம் என்று இருக்கிறோம். போன தடவை அடிவாரத்துப் பூண்டிக்குப் போகிற வழியில் ஒரு கடையில் புரோட்டாவும் சால்னாவும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ராத்திரியே ஏறினேன். மூன்றாவது மலையில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் ஓரடி வைக்க முடியாமல் திரும்பிவிட்டேன். ஏழாவது மலையில் சூரிய உதயம் பார்க்காமல் வந்தது இன்னமும் மனதில் கிடக்கிறது. எதைக் கட்டினால் கெடாது, எப்போது சாப்பிடணும்?

சுனைநீர்:
அண்ணா, ஏறுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே நாலு இட்லி, மிளகாய்ப்பொடி நல்லெண்ணெயோடு முடித்துக்கொள்ளுங்கள், அது போதும். முதல் மலை முழுக்கச் செங்குத்தான படி, அங்கே வேகம் காட்டினால் மேலே காலில் ஒன்றும் மிஞ்சாது. தசை பிடிப்பதற்குக் காரணம் ஒன்றல்ல, பழகாத கால் சோர்ந்தாலே பிடிக்கும். ஆனால் வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்கும்போது வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் அதுவும் ஆகாது, எலுமிச்சை, உப்பு, நாட்டுச்சர்க்கரை கரைத்து ஒரு பாட்டில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு ஒரு மடக்கு குடியுங்கள். அடிவாரத்தில் வனத்துறைக்காரர்கள் பையைப் பிரித்துப் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதனால் எவர்சில்வர் பாட்டில், வாழையிலைப் பொட்டலம். ஏழாவது மலையில் காற்று எலும்பு வரைக்கும் போகும், வியர்வையில் நனைந்த சட்டையோடு உட்காராதீர்கள், மாற்றுச் சட்டையும் ஸ்வெட்டரும் கட்டாயம்.

நாமக்கல் அக்கா:
தம்பி, நாங்கள் கொல்லிமலை ஆகாய கங்கைக்கு வருஷம் இரண்டு தடவை போவோம். ஆயிரம் படிக்கு மேல் இறங்கிக் குளித்துவிட்டு அத்தனையும் திரும்ப ஏறணும், பசி அப்போதுதான் வரும். அதற்கென்று நான் செய்வது பொரிவிளங்காய் உருண்டை. பாசிப்பயறையும் புழுங்கலரிசியையும் தனித்தனியாகச் சிவக்க வறுத்து மில்லில் அரைத்து, சுக்கு, ஏலம், பல்லுப்பல்லாக நறுக்கி வறுத்த தேங்காய் சேர்த்து, கெட்டிப் பாகு ஊற்றிச் சூட்டோடு பிடிக்கணும், ஆறினால் பிடிபடாது. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் "டங்" என்று சத்தம் வரணும், அதுதான் பதம். பத்து நாள் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. ஒரு உருண்டையை வாயில் அடக்கிக்கொண்டு மெதுவாக ஏறினால் அரை மணி நேரம் ஓடும். கட்டுச்சோறு வேண்டுமென்றால் புளியோதரை, நல்லெண்ணெய் தாராளமாக. இலையைத் தணலில் வாட்டிக் கட்டுங்கள், கிழியாது. தேங்காய் சாதம் வேண்டாம், மார்ச் வெயிலில் ஊசிப்போகும்.

படிக்கட்டு:
சாப்பாடு எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வருவது இறக்கம் பற்றி. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது, வலி மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் தெரியும். மருதமலையில் ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்குகிறீர்களா? இனிமேல் நடந்தே இறங்குங்கள். அப்புறம் பூண்டியில் மூங்கில் தடி வாங்காமல் ஏறாதீர்கள், ஏறுவதை விட இறங்கும்போதுதான் அது கை கொடுக்கும்.

நொய்யல்கரை:
ஆமாங்க, பஸ்ஸில்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். இந்த ஞாயிறு நடந்தே இறங்குகிறேன். அக்கா, ஒரு கிலோ பயறுக்கு வெல்லம் எவ்வளவு?

நாமக்கல் அக்கா:
பயறு, அரிசி இரண்டும் சேர்த்து ஒரு கிலோ மாவு என்றால் முக்கால் கிலோ மண்டை வெல்லம். பாகை வடிகட்டிக் காய்ச்சுங்கள், மண் இருக்கும்.